தொந்தரவே இல்லாதவருக்கு அயோர்டிக் வால்வை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. அவருடைய தந்தையாருக்கு வயது 66. கண்புரை அறுவைக்கு முன்பு வழக்கமாகச் செய்யும் பரிசோதனையின்போது, நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கையில் ‘கடுமையான அயோர்டிக் ஸ்டினோசிஸ்’, அதாவது அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. இதய மருத்துவர் வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். தந்தையாரோ தமக்கு மூச்சிரைப்பும் இல்லை, நெஞ்சுவலியும் இல்லை என்கிறார். மாத்திரையில் சரியாகாதா, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகச் செய்ய முடியாதா, எந்த வால்வு நல்லது என்று மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டிருக்கிறார். மூன்றையும் இரண்டு முறை படித்தபோது, அவற்றுக்கு அடியில் அவர் கேட்க வந்தது வேறொன்று என்று எனக்குப் பட்டது: நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை எதற்காக அறுவை மேசைக்கு அனுப்ப வேண்டும்? அதற்கு விடை தெரியாமல் மற்ற மூன்றையும் பேசுவதில் பயனில்லை என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் இதய மருத்துவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை எக்கோ அறையின் அரையிருட்டில் கழித்தவன். உங்கள் தந்தையாரை நான் பார்த்ததில்லை, அவர் நெஞ்சில் காது வைத்ததும் இல்லை. நீங்கள் எழுதியுள்ள நான்கு எண்கள்தாம் என் கையில் இருக்கின்றன: வால்வு வழியாகப் பாயும் ரத்தத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 4.3 மீட்டர், வால்வின் இரு பக்கத்துக்கும் இடையே சராசரி அழுத்த வேறுபாடு 46 மி.மீ. (பாதரச அளவு), வால்வின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், இதயத்தின் பம்பு செய்யும் திறன் 62 சதவீதம். இந்த எண்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் பொருந்துகின்றன என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பொருந்தாத அறிக்கைகளும் வருவதுண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இதயத்தின் இடது கீழறை சுருங்கி ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும் வாசலில் இருப்பதுதான் அயோர்டிக் வால்வு. பிறை வடிவில் மூன்று இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். இதழ்களை இழுத்து மூடுவதற்குத் தசையோ நாணோ கிடையாது. ரத்தத்தின் ஓட்டமே திறக்கிறது, ஓட்டமே மூடுகிறது. ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் பெருந்தமனியின் சுவர் சிறு கிண்ணம்போலப் புடைத்திருக்கும். அந்தக் கிண்ணங்களுக்குள் ரத்தம் சுழித்து இதழ்களை மெல்ல மூடும் திசைக்குத் தள்ளுகிறது என்பதை லியனார்டோ டா வின்சி 1513 வாக்கில் மாட்டு இதயங்களை அறுத்துப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறார். அவர் ஊகித்த சுழிகளைப் பல நூற்றாண்டுகள் கழித்து ஆய்வுக்கூடச் சோதனைகளும் எம்.ஆர்.ஐ. படங்களும் காட்டின. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளும் இதே கிண்ணங்களிலிருந்துதான் புறப்படுகின்றன. வால்வு கெட்டால் இதயத் தமனிகளில் எந்த அடைப்பும் இல்லாமலே நெஞ்சுவலி வரக்கூடும்.

ஆரோக்கியமான வால்வு முழுதாகத் திறந்தால் அதன் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் தந்தையாருக்கு 0.8, அதாவது, வாசலில் நாலில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது. ஆற்று நீர் மதகில் சீறுவதுபோல, குறுகிய வாசலில் ரத்தம் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தை எக்கோவின் ஒரு பகுதியான டாப்ளர் அளக்கும். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் உச்ச அழுத்த வேறுபாடு கிடைக்கும். 4.3-ஐ அப்படிப் பெருக்கினால் 74 மி.மீ. வருகிறது. கையில் ரத்த அழுத்தம் 130 என்று காட்டும் அதே கணத்தில், உள்ளே இடது கீழறை 175-க்குக் குறையாத அழுத்தத்தை ஒவ்வொரு துடிப்பிலும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகம் 4 மீட்டரைத் தாண்டினாலோ, சராசரி வேறுபாடு 40-ஐத் தொட்டாலோ, பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ கடுமையான சுருக்கம் என்று வகைப்படுத்துகிறார்கள். மூன்றும் ஒரே பக்கம் சாயும்போது ஐயப்பட இடமில்லை. பரப்பு குறைவாகவும் வேகமும் அழுத்த வேறுபாடும் சாதாரணமாகவும் இருக்கும் அறிக்கைகளில்தான் எங்களுக்கே தலைவலி. வாசலின் விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தாலும் கணக்கு மாறிவிடும் என்பதால், அப்போது சி.டி. எடுத்து வால்வில் படிந்திருக்கும் சுண்ணாம்பை நேரடியாக அளக்க வேண்டியிருக்கும். உங்கள் தந்தையாருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். நோயாளிகளின் வீட்டார் பலர் இதை ‘வால்வில் பிளாக்’ என்று சொல்கிறார்கள். பிளாக் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஸ்டென்ட் வைத்தால் சரியாகும், ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை போட்டால் கரையும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. தமனியில் வரும் அடைப்பு வேறு, இது வேறு. அறுவை அரங்கில் வெட்டி எடுத்த ஒரு வால்வை எஃகுக் கிண்ணத்தில் போடும்போது ‘டங்’ என்று சத்தம் கேட்கும். இதழாக இருந்த ஒன்று கல்லாகக் கிடக்கும். இதழுக்குள்ளே எலும்பு உருவாவதைப் போன்ற ஒரு செயல் பல ஆண்டுகளாக நடந்ததன் விளைவு அது. உப்புத் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் படியும் கறையோடு ஒப்பிட்டால் பார்வைக்குச் சரியாக இருக்கும், காரணத்தில் தவறிவிடும். கறை வெளியிலிருந்து படிவது; இது உயிருள்ள செல்களே கட்டுவது. ஆகவே பால் குடிப்பதாலோ, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதாலோ இது வந்ததில்லை. அவற்றை விட்டுவிட்டால் குறையப் போவதும் இல்லை.

வந்ததற்கான காரணங்களில் மூன்று முக்கியம். ஒன்று, வயதோடு வரும் சுண்ணாம்புப் படிவு. இரண்டு, பிறவியிலேயே மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டு மட்டும் அமைந்திருப்பது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்த அமைப்பு உண்டு, ஆண்களிடம் கூடுதல். அப்படிப்பட்ட வால்வு மற்றவர்களுடையதைவிடப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பாகவே கெட்டிப்படும். மூன்று, சிறுவயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். இது பெரும்பாலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வையும் சேர்த்தே தாக்குவதால், அந்த வால்வு நன்றாக இருந்தால் இந்தக் காரணத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். உங்கள் தந்தையாரின் வயதில் எனக்கு முதலில் எழும் ஐயம் இரண்டாவதைப் பற்றியதுதான். இதழ்கள் இரண்டா மூன்றா என்பதை அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுண்ணாம்பு மிகுந்துவிட்ட நிலையில் எக்கோவில் அது தெளிவாகத் தெரியாமலும் போகலாம், சி.டி. அதைத் தீர்த்துவைக்கும். இரண்டு இதழ் என்றால் பெருந்தமனியும் வீங்கியிருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதோடு, அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளான நீங்களும் ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

மாத்திரை பற்றிய கேள்விக்கு விடை கசப்பானது என்றாலும் தெளிவானது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நாங்களும் நம்பினோம். 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று சோதனைகள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன; மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வால்வு ஒரே வேகத்தில்தான் சுருங்கியது. இன்றைய தேதியில் சுருங்கிய வால்வைத் திறக்கவோ, சுருங்கும் வேகத்தைக் குறைக்கவோ நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அவர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அவற்றை நிறுத்தக் கூடாது. வால்வைக் கரைக்கும் என்று சொல்லி யாராவது எதையாவது விற்றால், அது எந்த மருத்துவ முறையின் பெயரில் இருந்தாலும், பணத்தைவிடக் காலத்தைத்தான் அதிகம் விழுங்கும்.

இனி, தொந்தரவே இல்லை என்பதற்கு வருகிறேன். அயோர்டிக் சுருக்கத்தில் மூன்று அறிகுறிகளுக்காகக் காத்திருப்போம்: நடந்தால் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சிரைப்பு. இவற்றில் ஒன்று தலைகாட்டிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் மீதமுள்ள ஆயுள் சில ஆண்டுகள்தாம் என்பதை ராஸ், பிரான்வால்ட் ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968-இலேயே எழுதிவைத்தார்கள். நெஞ்சுவலி வந்தவருக்குச் சுமார் ஐந்து, மயக்கம் வந்தவருக்கு மூன்று, இதயம் தளர்ந்து மூச்சுத் திணறியவருக்கு இரண்டு என்பது அவர்கள் கணக்கு. அறிகுறி வந்துவிட்டவருக்கு வால்வை மாற்றியாக வேண்டும் என்பதில் அன்றிலிருந்து இன்றுவரை கருத்து வேறுபாடே இல்லை. சிக்கல் எங்கே என்றால், இந்த நோய் பையப் பைய வருவதால் மனிதர்கள் தம் வாழ்க்கையை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள். சுருக்கிக்கொண்டதை அவர்களே அறிவதில்லை.

ஒருவரை நினைவுகூர்கிறேன். எழுபதை நெருங்கியவர், என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்லை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்’ என்பதே பதில். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கோப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற அவர் மனைவி சொன்னார்: ‘முன்னெல்லாம் காய்கறி வாங்க நடந்தே போய்ட்டு வருவாரு. ஆறு மாசமா பக்கத்துக் கடைக்குக்கூட ஸ்கூட்டர எடுத்துடுறாரு. மாடிக்கு ஏறுறதே இல்ல.’ அவர் உடனே முழங்கால் வலி என்றார். டிரெட்மில்லில் ஏற்றினோம். நான்காவது நிமிடத்தில் 140 இருந்த ரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதிலாக 110-க்கு இறங்கியது. நெற்றி வியர்த்து, கைப்பிடியை இறுகப் பற்றினார். நிறுத்திப் படுக்க வைத்தோம். முழங்காலைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. ஆகவே உங்கள் தந்தையாரிடம் ‘மூச்சு வாங்குகிறதா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் தாயாரிடம் ‘போன வருடம் அப்பா செய்த எந்த வேலையை இந்த வருடம் செய்வதில்லை’ என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறார் என்று தோன்றினால், மருத்துவர் பக்கத்தில் நின்று கவனிக்க, டிரெட்மில் சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்பது நியாயம். அறிகுறி உள்ளவருக்கு அந்தச் சோதனை ஆபத்தானது, செய்யக் கூடாது. அறிகுறி இல்லை என்பவருக்கு, ரத்த அழுத்தம் இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, அதுவே விடை.

சோதனையிலும் ஒன்றும் வரவில்லை, பம்பு செய்யும் திறனும் 62-இல் இருக்கிறது என்றால் என்ன செய்வது? இதுவரை உறுதியாகப் பேசிய நான் இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் நெடுங்காலமாக வழக்கம். திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ அறிகுறி தோன்றினாலோ மாற்றுவோம். தென்கொரியாவில் 145 பேரிடம் நடந்து 2020-இல் வெளிவந்த சோதனை, காத்திராமல் உடனே அறுவை செய்தவர்களே நன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பரப்பு 0.75-ஓ அதற்குக் கீழோ இருந்தது, அதோடு வேகம் 4.5 மீட்டரோ அதற்கு மேலோ, அல்லது சராசரி அழுத்த வேறுபாடு 50-ஓ அதற்கு மேலோ இருந்தது. உங்கள் தந்தையார் அந்தக் கோட்டுக்கு மயிரிழை இந்தப் பக்கம் நிற்கிறார். 901 பேரிடம் டாவி முறையில் (நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக வால்வைப் பொருத்துவது) செய்து 2024-இல் வெளிவந்த சோதனையில், இறப்பு, பக்கவாதம், திட்டமிடாமல் மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு உடனே மாற்றியவர்களிடம் 26.8 சதவீதம், காத்திருந்தவர்களிடம் 45.3 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்வதில் வந்தது. இறப்பை மட்டும் எடுத்தால் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு சிறிய சோதனையிலோ உடனே மாற்றியதால் தெளிவான நன்மை எதுவும் நிரூபணமாகவில்லை. எனக்கு உறைத்த எண் வேறு: அந்த 901 பேரில் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 87 சதவீதம் பேர் நாலாண்டுக்குள் எப்படியும் வால்வை மாற்றிக்கொண்டார்கள், அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள்ளாகவே. ஆகையால் மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் முன் இருக்கும் கேள்வி இல்லை. இப்போதா, சில மாதம் அல்லது சில ஆண்டு கழித்தா என்பதே கேள்வி. காத்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் போகக்கூடியவரா, சின்ன மாற்றத்தையும் மறைக்காமல் சொல்லக்கூடியவரா என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன். ‘ஒண்ணுமில்லை’ என்றே சொல்லிப் பழகியவர் என்றால் காத்திருக்க வைக்க எனக்குத் துணிவு வராது.

எப்படி மாற்றுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. நெஞ்செலும்பைப் பிளந்து, பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பது 1960 முதல் நடைபெற்று வருகிறது. தொடைத் தமனி வழியாக, கம்பிவலைக்குள் மடித்த வால்வைக் கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள்ளேயே விரிப்பது டாவி. பிரான்சின் ரூவான் நகரில் 2002 ஏப்ரல் 16 அன்று அலென் கிரிபியே என்ற மருத்துவர் டாவி வால்வை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அதற்கு முன்பு அவரே பலூனால் வால்வை விரித்துப் பார்த்து, சில மாதங்களில் அது மறுபடியும் சுருங்கிவிடுவதைக் கண்டவர். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கென்று தொடங்கிய டாவி, 2019-க்குப் பிறகு ஆபத்துக் குறைந்தவர்களுக்கும் அறுவைக்கு நிகரானதாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் என்று இல்லை. அமெரிக்க வழிகாட்டுதல் 65-லிருந்து 80 வரை இரண்டில் எதுவும் பொருத்தமே என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல், இதற்கு மேல் டாவி என்று 2021-இல் 75 வயதில் வைத்திருந்த கோட்டை 2025-இல் 70-க்கு இறக்கியது. டாவியை அறுவையோடு ஒப்பிட்ட சோதனைகள் பெரும்பாலும் இரண்டு இதழ் வால்வுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டாவியில் வால்வின் ஓரத்தில் கசிவு, பேஸ்மேக்கர் தேவைப்படுவது ஆகியவை கூடுதல். அறுவையில் ரத்த இழப்பும் எழுந்து நடமாட ஆகும் காலமும் கூடுதல். செலவில் டாவி பல மடங்கு என்பதை நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

66 வயதுக்காரருக்கு நான் பார்ப்பது இன்னொரு கணக்கு. விலங்குத் திசுவால் ஆன வால்வு பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் உழைக்கும். எண்பதை ஒட்டி இரண்டாவது வால்வு தேவைப்பட்டால், முதலில் அறுவையில் தைத்த திசு வால்வுக்குள் டாவி வால்வைப் பொருத்துவது எளிது. முதலில் வைத்த டாவியை வெட்டி எடுத்துவிட்டு அறுவை செய்வது கடினம். மற்றபடி உடல் திடமாக உள்ள, இன்னும் நெடுநாள் வாழக்கூடிய ஒருவருக்கு, முதலில் அறுவை, பிறகு டாவி என்ற வரிசையை நான் விரும்புவது இதனால்தான். சிறுநீரகம், நுரையீரல், முன்பு நடந்த நெஞ்சு அறுவை என்று வேறு சிக்கல் இருந்தால் இந்த விருப்பம் மாறும். சி.டி. பார்த்து, இதய மருத்துவரும் அறுவை நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லும் கருத்துக்கு என் கருத்தைவிட மதிப்பு அதிகம்.

உலோக வால்வு தேய்வதில்லை, ஆனால் ஆயுள் முழுதும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை வேண்டும். புதிய வகை மாத்திரைகள் உலோக வால்வுக்கு உதவாது. அவற்றை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளை ரத்தக் கட்டிகள் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை மாதாமாதம் பார்க்க வேண்டும், ஊருக்குள் ஆய்வகம் இல்லாதவர்களுக்கு இதுவே பெரிய சுமை. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உலோகமும் 65-க்கு மேல் திசுவும் என்பது பொதுவான கோடு என்பதால் உங்கள் தந்தையாருக்குத் திசு வால்வு என்பதில் பெரிய வாதம் வராது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் முதல் மாதிரிகள் தோற்ற பிறகும் விடாமல் முயன்று உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு உலோக வகைதான். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளம் வயது ஏழை நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்தது. உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தேவையில்லை என்றாலும், அதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

கண்புரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது நின்றுபோயிருக்கும் என்று ஊகிக்கிறேன். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்கும் அந்தச் சிறு அறுவையை இந்த வால்வோடும் பொதுவாகச் செய்துகொள்ளலாம். மயக்க மருத்துவரிடம் எக்கோ அறிக்கையைக் காட்டிவிட வேண்டும். மூட்டு மாற்றுவது போன்ற பெரிய அறுவைகளை மட்டும் வால்வைச் சரிசெய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பல்லில் சொத்தையோ ஈறில் சீழோ இருந்தால் வால்வு மாற்றுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும், ஏனெனில் வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் புது வால்வில் குடியேறக்கூடும். மாற்றிய பின் பல் பிடுங்குவதாக இருந்தால் அதற்கு முன்பு ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். கடைசியாக, நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கச் சொல்லி யாரோ கொடுத்த மாத்திரை பல வீடுகளின் அலமாரியில் கிடக்கிறது. வால்வு இவ்வளவு சுருங்கியிருப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கி மயங்க வைக்கலாம். உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவர் பெயர் சொல்லித் தந்தாலொழிய, அதை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள், வந்தவர்களிடம் முதல் வார்த்தையாக அயோர்டிக் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள்.